இனிட்.லுவா 900 வரி தாண்டிவிட்டது, எப்படிப் பிரிப்பது?

ஹட்டன்:
நியோவிம் எடிட்டருடைய அமைப்பு முழுக்க இனிட்.லுவா (init.lua) என்ற ஒரே கோப்பில் கிடக்கு. ஒரு குறுக்குவிசையைத் தேடவே நேரம் போகுது. பழையதைக் கெடுக்காமல் பிரிக்க வழி சொல்லுங்க.

பண்டாரவளை:
தம்பி, இப்போதைய கோப்புறையில் கை வைக்க வேண்டாம். பிரதியெடுத்து ‘என்விம்-புது’ என்று பெயர் வைத்து, எந்த அமைப்புக் கோப்புறையைப் படிக்கணும் என்று சொல்லும் என்விம்_ஆப்நேம் (NVIM_APPNAME) சூழல் மாறிக்கு அந்தப் பெயரைக் கொடுத்துத் திறங்க. பதிப்பு 0.9 முதல் இது வேலை செய்யும். ப்ளகின்கள் (கூடுதல் வசதி தரும் நிரல்கள்) தனியாக மறுபடி இறங்கும், இணைய டேட்டாவைப் பார்த்துக்கொள்ளுங்க.

உள்ளே ‘லுவா’ கோப்புறை, அதற்குள் உங்கள் பெயரில் இன்னொன்று. பொதுப்பெயர் வைத்தால் ப்ளகினுடைய கோப்போடு முட்டும். அதில் அமைப்புகள், விசைகள், ப்ளகின்கள் என மூன்று கோப்பு போதும். இருபதாக உடைத்தால் திரும்பவும் தேடல்தான். இந்தக் கோப்புகளை இனிட்.லுவாவிலிருந்து ஏற்றும் ரிக்வயரில் (require) கடைசி ‘.லுவா’ போடாதீங்க. புள்ளியைக் கோப்புறைப் பிரிப்பாக எடுத்து, மாட்யூல் இல்லை என்று பிழை காட்டும்.

குறுக்குவிசைகளுக்கு முன்னால் அழுத்தும் லீடர் விசை எது என்று சொல்லும் மேப்லீடர் வரி எல்லாவற்றுக்கும் மேலே இருக்கணும். லீடர் விசை மேப்பிங் எழுதும் கணத்திலேயே பதிவாகிவிடும். பிந்தினால் இயல்பான பின்சாய்வுக்கோட்டிலேயே நிற்கும்.

ஹட்டன்:
பிரித்தாச்சு, நன்றி அண்ணா. விசைக் கோப்பை மாற்றி இனிட்.லுவாவைச் சோர்ஸ் செய்தாலும் (மூடாமலே மறுபடி ஓட்டினாலும்) பழைய விசைதான் வருது.

நுவரெலியா:
ரிக்வயர் ஒருமுறை ஏற்றியதை நினைவில் வைத்திருக்கும், மறுபடி படிக்காது. மூடித் திறங்க.

இன்னொன்று, சேமிக்காத மாற்றங்களைக் காக்கும் ஸ்வாப்ஃபைலை அணைக்கும் வரி இருந்தால் எடுத்துவிடுங்க. 200 எழுத்துக்கு ஒருமுறை, அல்லது 4 விநாடி கை ஓய்ந்தால், அதில் பதிவாகும். மழையில் கரண்ட் போகும் நம்ம பக்கத்துக்கு அது கட்டாயம். மாற்றங்களைப் பின்வாங்க உதவும் அன்டூஃபைல் சேமிக்கும்போது மட்டுமே எழுதப்படும், அதை நம்பி இருக்க முடியாது.