தாமஸ் ஹட்சின்சன்: இவரையா வில்லன் ஆக்குவது?

பழஞ்சுவடி:
அமெரிக்க விடுதலைக் கதையை யார் சொன்னாலும், அன்று பிரிட்டிஷ் குடியேற்றமாக இருந்த மாசசூசெட்ஸின் ஹட்சின்சன்தான் துரோகி. 1769-ல் ஆளுநர் பெர்னார்ட் இங்கிலாந்துக்குக் கப்பலேற, பொறுப்பு ஆளுநர் ஆனவர் இவர். 1770 மார்ச் 5 இரவு பாஸ்டனில் பிரிட்டிஷ் சிப்பாய்கள் கூட்டத்தைச் சுட்டதில் ஐந்து பேர் இறந்தார்கள். அந்த ராத்திரியே மாடத்தில் நின்று, சட்டப்படி விசாரணை நடக்கும் என்று வாக்குக் கொடுத்துக் கூட்டத்தைக் கலைத்தார். விடிவதற்குள் அந்தச் சிப்பாய்களின் அதிகாரி கேப்டன் பிரெஸ்டன் சிறையில். இதுவா துரோகம்?

உப்புக்காற்று:
பொறுங்க சார். படையை ஊரை விட்டு அனுப்பச் சொல்லி மக்கள் கேட்டப்ப "எனக்கு அதிகாரம் இல்லை"ன்னு நழுவினவரும் இவர்தான். எதிர்ப்பாளர்களின் தலைவர் சாமுவேல் ஆடம்ஸ் நேரில் வந்து நெருக்கின பிறகுதான் இறங்கி வந்தார். துணை ஆளுநர், தலைமை நீதிபதி ரெண்டுமே இவர். சட்டம் படிச்சவர்கூட இல்லை! சகலை உறவான ஆண்ட்ரூ ஆலிவர் மாகாணச் செயலாளர்.

பழஞ்சுவடி:
பதவி ஆசை இருந்தது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பத்திரங்கள், செய்தித்தாள்கள் மேல் பிரிட்டன் போட்ட முத்திரை வரி வேண்டாம் என்று லண்டனுக்கு எழுதியவர் அவர். அப்படியும் 1765 ஆகஸ்ட் 26 அன்று வரியை எதிர்த்த கும்பல் அவர் வீட்டைச் சூறையாடியது. எழுதிக்கொண்டிருந்த மாசசூசெட்ஸ் வரலாற்றின் கைப்பிரதி தெருச் சேற்றில் கிடந்தது. மறுநாள் அங்கிகூட இல்லாமல் நீதிமன்றம் வந்தார்.

தேனடை:
பாவம்தான். ஆனா அவர் இங்கிலாந்துக்கு எழுதி 1773-ல் வெளியான கடிதங்கள்? குடியேற்ற மக்களோட உரிமைகளைக் குறைச்சே ஆகணும்னு எழுதியது அவர் கைதானே. லண்டனில் இருந்த பெஞ்சமின் பிராங்க்ளின் அதையெல்லாம் பாஸ்டனுக்கு அனுப்பி வைக்காட்டி யாருக்குத் தெரிஞ்சிருக்கும்?

உப்புக்காற்று:
பிரிட்டன் வரி போட்ட தேயிலையை மக்கள் எதிர்த்த கதையை விட்டுட்டீங்க. 1771-லேயே முழு ஆளுநர் ஆயிட்டார். பிலடெல்பியாவில் தேயிலைக் கப்பலைத் திருப்பி அனுப்பினாங்க. இவர் மட்டும் சுங்கம் கட்டாமல் விடமாட்டேன்னார். 1773 டிசம்பர் 16, எதிர்ப்பாளர்கள் வீசின 342 பெட்டி தேயிலை கடலில்.

பழஞ்சுவடி:
பிலடெல்பியா கப்பல் சுங்கத்தில் பதிவாகும் முன்பே மடக்கப்பட்டது. பாஸ்டனுக்கு வந்த 'டார்ட்மவுத்' பதிவாகிவிட்டது. சுங்கம் கட்டாமல் திரும்பிப் போக அனுமதிச் சீட்டு கொடுத்திருந்தால் ஆளுநரே சட்டத்தை மீறியதாகாதா?

உப்புக்காற்று:
சரி, சட்டம். கிழக்கிந்தியக் கம்பெனித் தேயிலையை விற்கும் முகவர்களில் அவர் மகன்கள் தாமஸும் எலிஷாவும் உண்டு. நியூயார்க்கிலும் பிலடெல்பியாவிலும் முகவர்கள் விலகிட்டாங்க. இவங்க ஏன் விலகலை? எந்தச் சட்டம் தடுத்தது?