எபிபைட்: ‘தொற்றுத்தாவரம்’ தவிர வேறு சொல் உண்டா?

செ. எழுதியது:
அனைவருக்கும் வணக்கம். வீட்டுச்செடிக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஆர்க்கிட், ஹோயா இரண்டுக்கும் முதல் பாடமே எபிபைட்தான்: மரத்தின்மேல் இருக்கும், மரத்திடம் உணவு எடுக்காது. பாடநூலில் ‘தொற்றுத்தாவரம்’. மாதிரிப் பக்கம் படித்த சிலர், பக்கத்துத் தொட்டிக்கும் பரவுமா என்று கேட்கிறார்கள். வேறு சொல் தாருங்கள்.

ந.:
சொல்லில் குறையில்லை, தம்பி. தொற்றுதல் என்றால் பற்றி ஏறுதல். பேருந்தில் தொற்றிக்கொள்கிறோமே! தொடு, தொடர், தொத்து எல்லாம் ஒரே குடும்பம் என்பேன். தொத்துக்குப் பூங்கொத்து என்றும் பொருள். ஹோயா கொத்தாகத்தானே பூக்கிறது?

இ., யாழ்ப்பாணம்:
‘மேலொட்டி’ எண்டு போடலாமே? நோய்ப் பயம் வராது.

மு.:
நர்சரிக்காரன் சொல்கிறேன். ‘ஒட்டு’ என்றாலே ஒட்டு மாங்கன்றுதான் நினைவுக்கு வரும். போதாததற்கு ‘ஒட்டுண்ணி’ என்ற சொல்லும் நினைவுக்கு வரும். டென்ட்ரோபியம் ஆர்க்கிட் வாங்குகிறவர்கள் செம்மண்ணில் நட்டு, தினமும் தண்ணீர் விட்டு வேரை அழுகவிடுகிறார்கள். கரித்துண்டும் தேங்காய் மட்டைத் துண்டும் போதும். வேரின்மேல் பஞ்சு மாதிரி ஓர் உறை. காய்ந்தால் வெள்ளிச் சாம்பல், நனைந்தால் பார்த்திருக்கும்போதே பச்சை. பச்சை மறைந்து மறுபடி சாம்பலாகும்வரை தண்ணீர் வேண்டாம். இது மண்செடி இல்லை என்பதைப் பெயரே சொல்லட்டும்: ‘மரவாழ்செடி’.

ந.:
புல்லுருவியும் மரத்தில்தான் வாழ்கிறது, ஆனால் மரத்துக்குள் உறிஞ்சு வேர் விட்டு நீரை எடுத்துக்கொள்கிறது. இரண்டையும் ஒரே பெயரில் அடைப்பதா? வயிரம், அதாவது தண்டின் கெட்டிப் பகுதி, உள்ளேயா வெளியேயா என்று பார்த்து அகக்காழ், புறக்காழ் எனப் பிரித்தது தொல்காப்பியம். நாமும் உணவு வரும் வழி பார்த்துப் பெயரிட வேண்டும்.

இ.:
ஐயா சொல்லுறது சரிதான், ஆனால் சனத்துக்கு விளங்க வேணும். ஹோயா எருக்கங் குடும்பம். பூவைக் கிட்டப் பாருங்கோ: எருக்கம்பூ மாதிரியே ஐஞ்சு இதழ், மகரந்தமும் சின்னப் பொதியாய் ஒட்டியிருக்கும். இதையும் கையேட்டிலை சேருங்கோ.

செ.:
எருக்கைச் சேர்த்துவிட்டேன், நன்றி. நோய்ப் பயமும் ஒட்டுக் குழப்பமும் வராது என்பதால் ‘மரவாழ்செடி’ என்றே இடுகிறேன். ‘மரத்திடம் உணவு எடுக்காதது’ என்ற விளக்கம் முதல் பக்கத்தில் வரும். சொல்லடைவில் தொற்றுத்தாவரமும் இருக்கும்.

ந.:
என் மறுப்பு இருக்கட்டும். பாடநூலில் ஒன்று, கையேட்டில் ஒன்று என்றால், படிக்கும் பிள்ளை இரண்டும் வெவ்வேறு செடி என்றே எண்ணும். அடுத்த பதிப்பில் மறுபடி பேசுவோம்.