தோல் வெட்டக் கை நடுங்குது, பயம் எப்படிப் போகும்?

கேள்வி: ஆம்பூர்ல ஷூ கம்பெனி கட்டிங்ல புதுசு. தோலைத் துண்டு போடுற அச்சு, அதான் டை, அதைத் தப்பா வெச்சா தோலே வீணாயிடுமோன்னு பயம்.

பதில் 1: தப்பை வெட்டுறதுக்கு முன்னாடியே பண்ணிப் பாருங்க. தோலை வெளிச்சத்துல விரிச்சு வடு, உண்ணிக்கடி, ஓட்டையெல்லாம் சில்வர் பேனாவால வட்டம் போடுங்க. டைகளை மேலே அடுக்கி நகர்த்துங்க. டையை அழுத்தி வெட்டுற பிரஸ் மெஷின் இறங்குறவரை எதுவும் வீணில்ல. வேம்ப், அதாவது ஷூவோட முன்பக்க மேல்துண்டை, முதுகுத் தோல்ல வெட்டுங்க. வயிறு தொளதொளன்னு இழுபடும், அங்கே லேசுக்கு அடியில வர்ற நாக்குத் துண்டு வெட்டினா போதும்.

பதில் 2: இழுவையை விட்டுட்டீங்களேண்ணா! கையால இழுத்துப் பாருங்க. இழுபடாத திசை விரல்நுனியிலிருந்து குதிகாலுக்குப் போகணும். மாறினா லாஸ்ட்ல (கால் வடிவ அச்சுல) ஏத்தும்போது கோணிக்கும். இடது, வலது ரெண்டையும் பக்கத்துப் பக்கத்துல வெட்டுங்க, நிறம் ஒத்துவரும்.

கேள்வி கேட்டவர்: அப்படியும் தப்பானா?

பதில் 1: அந்தத் துண்டு சின்ன டைக்கு ஆகும். மறைச்சுடாதீங்க; தையலுக்கப்புறம் தெரிஞ்சா ஜோடியே போச்சு.