"நெகிழ் மின்வாய்த் தொகுதி" வேண்டாம், "மின்முனை வளைசரம்" என்போம்

ஐயா, வணக்கம். காது கேளாதவர்களுக்கு உட்காதில் வைக்கும் காக்ளியர் இம்பிளாண்ட் கருவியில், மின்முனைகள் பதித்த இழைக்கு நீங்கள் தந்த சொல் இது:

> ஃபிளெக்சிபிள் எலெக்ட்ரோடு அர்ரே = நெகிழ் மின்வாய்த் தொகுதி

'தொகுதி'தான் எனக்கு ஒப்பவில்லை. தொகுதி என்றால் வரிசை தெரியாது. காக்ளியா என்னும் உட்காதுச் சுருளிலோ வரிசைதான் எல்லாம். அதன் அடிச்சுற்று கீச்சொலிக்கு, உச்சி கனத்த ஒலிக்கு. அந்த ஒழுங்குக்கு ஏற்பத்தான் சிலிக்கோன் இழையில் பிளாட்டின முனைகளைப் பதிக்கிறார்கள், தயாரிப்பாளரைப் பொறுத்து 12, 16, 22 என்று. தலைமுடியைவிட மெல்லிய பிளாட்டினம்-இரிடியம் கம்பிகளை அவற்றோடு பற்றவைத்து, அச்சில் கிடத்திச் சிலிக்கோன் ஊற்றுவது இன்னும் பெரும்பாலும் நுண்ணோக்கியின் கீழ் நடக்கும் கைவேலைதான்.

கும்பகோணத்தில் எங்கள் தெருமுனையில் ஓர் அம்மா முல்லை கட்டுகிறார். காய்ந்த வாழைநார் ஒடியும் என்று தண்ணீரில் நனைத்து வைத்திருப்பார். நார் வளையும், பூ இடம் மாறாது. நாம் தேடும் பொருளும் அதேதான். ஆகவே 'சரம்'.

அடுத்து 'நெகிழ்'. இன்று பள்ளிப்பிள்ளைக்கு அது பிளாஸ்டிக்கைத்தான் நினைவூட்டும். சென்ற மடலில் அக்கா அதற்கு மாற்றாகச் சொன்ன 'துவள்' அழகான சொல், ஆனால் இங்கே துவண்டால் கெட்டது. வட்டச் சாளரம் என்னும் காக்ளியாவின் சிறு திறப்பு வழியாக நுழைந்து இரண்டரைச் சுற்றுச் சுருளுக்குள் போகவேண்டிய பொருள் இது. விறைப்பாக இருந்தால் உள்சவ்வைக் கிழித்து, மிஞ்சியிருக்கும் கேள்திறனையும் அழித்துவிடும். துவண்டால் பாதி வழியில் மடங்கும். இக்கருவியை உருவாக்கியவர்களில் ஒருவரான ஆஸ்திரேலியக் காது மருத்துவர் கிரேம் கிளார்க் 1977-இல் கடற்கரையில் ஒரு சங்குக்குள் புல்லைச் செலுத்திப் பார்த்தே இதைப் பிடித்தார்: நுனி மென்மையும் அடி விறைப்பும் உள்ள புல்தான் உள்ளே ஆழமாகப் போனது. மறு ஆண்டே மெல்பர்னில் இக்கருவியைப் பொருத்தும் அவரது முதல் அறுவை.

'வளைசரம்' வினைத்தொகை. வளைந்த சரம், வளைகிற சரம், வளையும் சரம் மூன்றும் அதில் அடங்கும். முன்கூட்டியே சுருட்டி வார்க்கும் வகைக்கும், நேராக வார்த்து உள்ளே போய் வளையும் வகைக்கும் பொருந்தும். மின்வாயா மின்முனையா என்பதில் எனக்குப் பிடிவாதம் இல்லை.

என் தங்கை மகளுக்கு மூன்று வயதில் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் இந்தக் கருவி வைத்தார்கள். "காதுக்குள்ள என்னடா வெச்சிருக்காங்க?" என்று என் அம்மா கேட்டபோது 'ஒயரு' என்றுதான் சொல்ல முடிந்தது. போன வாரம் சுருக்கமாக 'மின்சரம்' என்றேன். "பூச்சரம் மாதிரியா?" என்றார். ஆமாம் என்றேன்.

உள்ளே போகையில் நுனி திரும்பி மடிவதற்கு 'நுனிமடிப்பு' என்று எழுதி வைத்திருக்கிறேன். இதைவிட நல்ல சொல் இருந்தால் சொல்லுங்கள்.