மறு: ட்ரெயிட் – பண்பா, இயல்பா?

குழுவினருக்கு வணக்கம். உளவியலில் ‘ட்ரெயிட்’ (trait) என்பது ஒருவர் வழக்கமாக எப்படி நினைக்கிறார், நடந்துகொள்கிறார் என்பதைக் குறிக்கும். அதற்கு நான் புதுத் தமிழ்ச்சொல் தேடுவதைப் பற்றி இங்கே ஒருவர் கேட்டிருந்தார்:

> ‘ஆளுமைப் பண்பு’ ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறதே, எதற்குப் புதுச்சொல்?

ஐயா, புழங்குவது உண்மை. ஆனால் அந்தச் சொல்லே பிள்ளைகளின் விடையை மாற்றிவிடுகிறது என்பதுதான் என் கவலை.

போன மாதம் கேரள எல்லையில் உள்ள கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தமிழ்வழியில் படிக்கும் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு ஐந்து காரணி ஆளுமை வினாத்தாளை (ஆளுமையை ஐந்து பெரிய கூறுகளாகப் பிரித்து அளப்பது) தமிழாக்கிக் கொடுத்தேன். தலைப்பு ‘உங்கள் பண்புகளை அறிக’. ‘என் சாமான்களை அங்கங்கே போட்டுவிடுவேன்’ என்ற வரிக்கு ஒரு பெண் ‘ஆம்’ என்று குறித்தாள். ரப்பரால் அழித்தாள். மறுபடி குறித்துவிட்டு எழுந்து கேட்டாள்: “சார், நான் எப்படி இருக்கேன்னு எழுதோணுமா, எப்படி இருக்கோணும்னு எழுதோணுமா?”

முதலாவது ட்ரெயிட். இரண்டாவது விழுமியத்தின், அதாவது ஒருவர் உயர்வாகக் கருதுவதன், பக்கம் சேர்ந்தது. ‘பண்பு’ இரண்டையும் குழைத்துவிடுகிறது. உலோகத்தின் பண்பு என்னும்போது அது நடுநிலைச் சொல்தான். மனிதரைச் சொல்லும்போது பாராட்டு ஏறிவிடுகிறது: பண்பான பையன், பண்பாளர். குறளில் பண்புடைமைக்கு 100ஆம் அதிகாரமே இருக்கிறது. ‘பதறுவது அவள் பண்பு’ என்று யாரும் சொல்வதில்லை. ‘அவ சுபாவம் அப்படி’ என்கிறோம்.

இரண்டுக்கும் உறவே இல்லை என்று சொல்லவரவில்லை. உளவியலாளர் ஷ்வார்ட்ஸ் 1992இல் முன்வைத்த 10 அடிப்படை விழுமியங்களை ஐந்து காரணிகளோடு ஒப்பிட்ட ஆய்வுகளில், இணக்கம் என்ற காரணி மிகுந்தவர்கள் நெருங்கியவர்களின் நலத்தைப் பெரிதாகக் கருதுவது தெரிகிறது. புதுமைநாட்டம் என்ற காரணி மிகுந்தவர்கள் சுயமாக முடிவெடுப்பதைப் பெரிதாகக் கருதுகிறார்கள். எளிதில் பதறுவதைக் குறிக்கும் மனக்கலக்கம் என்ற காரணிக்கோ விழுமியங்களோடு தொடர்பு மிக மெலிது. எதற்கெடுத்தாலும் பதறுகிறவர் நேர்மையை உயிராக நினைக்கலாம், அதிகாரத்தையும் நினைக்கலாம். இந்த உறவை அளக்க வேண்டுமானால் இரண்டும் வினாத்தாளிலேயே தனித்தனியாக நிற்க வேண்டும்.

ட்ரெயிட்டுக்குச் ‘சுபாவக்கூறு’ என்றுதான் முதலில் நினைத்தேன். எல்லையில் தமிழ் பேசுகிறவருக்கும் மலையாளம் பேசுகிறவருக்கும் சட்டென்று புரியும். வடசொல் என்று இங்கே சிலர் தயங்குவீர்கள். எனவே ‘இயல்புக்கூறு’ என்று முன்மொழிகிறேன். குறை நிறை எதுவும் அதில் ஒட்டவில்லை.

இன்னொன்று. முடிவுத்தாளில் ‘மதிப்பெண்’ வேண்டாம். அதைப் பார்த்ததும் பிள்ளைகள் பாஸா ஃபெயிலா என்று தேடினார்கள். ‘அளவெண்’ போதும்.

அடுத்த வாரம் வேறொரு வகுப்புக்கு ‘நீங்கள் இயல்பாக எப்படி இருப்பீர்கள்?’ என்ற தலைப்போடு கொடுக்கப்போகிறேன். மறுப்பிருந்தால் அதற்குள் எழுதுங்கள், தாளை அச்சுக்குக் கொடுக்க வேண்டும்.