சட்டிக்கலப்பையோட சட்டியில செய்த சட்டி: கலைச்சொல் வேணும், அவசரம்

மொழிபெயர்க்கிறவர்:

எல்லாருக்கும் வணக்கம். வெல்டிங் படிக்கிற பசங்களுக்கான கையேடு ஒண்ணைத் தமிழ்ல கொண்டுவந்துக்கிட்டு இருக்கேன், வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போயாகணும். ஆறு அத்தியாயம் முடிஞ்சுது, ஏழாவதுல வந்து நின்னுட்டேன். தேய்ஞ்சுபோன டிராக்டர் கலப்பையோட டிஸ்க்கைக் கழட்டி, நடு ஓட்டையை அடைச்சு, கைப்பிடி வச்சு, வெட்டவெளியில தீ மூட்டிச் சமைக்கிற பெரிய சட்டியா மாத்துறது பத்தின அத்தியாயம் அது. வட மெக்சிக்கோவுல இதுல சமைக்கிற சமையலுக்கு டிஸ்காடான்னு பேரு, அர்ஜென்டினாவுல சட்டியையே டிஸ்கோன்னு சொல்றாங்க, ரெண்டும் கலப்பை டிஸ்க்லேர்ந்து வந்த பேருதான்.

நான் முதல்ல கலப்பைச்சட்டின்னு போட்டேன், நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா டிஸ்க் கலப்பைக்குத் தமிழ்ல ஏற்கெனவே சட்டிக்கலப்பைன்னு பேர் இருக்கே! உழவர்களும் அப்படித்தான் சொல்றாங்க, வேளாண்மைப் பாடத்துலயும் அப்படித்தான் இருக்கு. அப்போ கலப்பையில மாட்டியிருக்கிற டிஸ்க்கும் சட்டி, அதை மாத்திச் செய்யுறதும் சட்டி. இப்போ என் வாக்கியம் இப்படி நிக்குது: "சட்டியைக் கழற்றி, சட்டியின் துளையை அடைத்து, சட்டியைப் பழக்கவும்." எந்த இடத்துல அது உழுத சட்டி, எந்த இடத்துலேர்ந்து சமைக்கிற சட்டி? படிக்கிற பையன் பெயின்ட்டைச் சுரண்டாம நேரா அடுப்புல வச்சிட்டான்னா?

ஒரு நல்ல பேர் கொடுங்க. எண்ணெய் தடவிச் சூடு பண்ணிச் சட்டியைச் சமையலுக்குத் தயார் பண்றதுக்குப் போட்ட பழக்குறதுங்கிற சொல்லையும் கொஞ்சம் பாருங்க, அது சரியான்னு சந்தேகமா இருக்கு.

இலக்கண ஐயா:

அன்புள்ள தங்கைக்கு, நல்ல கேள்வி. முதல்ல தொகையைப் பிரிச்சுப் பார்த்துடுவோம். சட்டிக்கலப்பைன்னா சட்டியை உடைய கலப்பை, இரண்டாம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகை, அதுல குழப்பம் இல்லை. கலப்பைச்சட்டியை ரெண்டு விதமா விரிக்கலாம். கலப்பையினது சட்டின்னு விரிச்சா ஆறாம் வேற்றுமை, அப்போ அது உழுகிற உறுப்பு. பொற்குடம்னா பொன்னால் ஆன குடம்னு சொல்ற மாதிரி, கலப்பையால் ஆன சட்டின்னு விரிச்சா மூன்றாம் வேற்றுமை, அப்போ அது சமைக்கிற கலம். ஒரே தொகை ரெண்டு பொருளுக்கும் இடம் கொடுக்குது. கலைச்சொல்லுக்கு இது ஆகாது.

என் பரிந்துரை கொழுக்குழிசி. கொழுன்னா கலப்பையில மண்ணைக் கிழிக்கிற இரும்பு. குழிசின்னா பானை, புறநானூறு 65-ஆம் பாட்டுல "இருங்கண் குழிசி"ன்னு வருது. குழிங்கிற அடிச்சொல் அதுக்குள்ளயே கேக்குது பாருங்க, டிஸ்க்கோட வடிவமே குழிவுதானே. ரெண்டாயிரம் வருஷப் பழைய சொல்லு நம்ம கையில சும்மா கிடக்கு.

பட்டறை ஆசிரியர்:

ஐயா மேல ரொம்ப மரியாதை உண்டு, ஆனா கொழுக்குழிசின்னு போர்டுல எழுதினா என் பசங்க கொழுப்புன்னு படிப்பாங்க, சமையல் பாத்திரம்னு வேற தெரிஞ்சா அது கொழுப்பு உருக்குற பானைன்னே முடிவு பண்ணிடுவாங்க. இன்னொண்ணு, கொழு சுழலாம மண்ணைக் கீறும். டிஸ்க் உருண்டுக்கிட்டே வெட்டும். ரெண்டும் வேற வேற உறுப்பு, வேற வேலை. வேலை தெரிஞ்சவன் அந்தப் பேரை ஒத்துக்க மாட்டான்.

பேர் விஷயத்துல நான் ஏன் கறாரா இருக்கேன்னா, உழுத டிஸ்க்கை எடுத்து அப்படியே சமைக்கக் கூடாது. பழைய கருவியோட பெயின்ட்ல ஈயம் இருக்கலாம், அதைச் சூடு பண்ணியோ தூசி பறக்கவிட்டோ எடுக்கக் கூடாது, மாஸ்க் போடாம கிட்டயே போகக் கூடாது. துத்தநாகம் பூசின போல்ட்டு, வாஷர் எதையாவது கைப்பிடியா வச்சு வெல்ட் பண்ணினா வெள்ளைப் புகை வரும், அதை மூச்சுல இழுத்தா ராத்திரி குளிர் காய்ச்சல் வந்து படுக்கணும். மருந்து தெளிக்கிற எந்திரத்துல இருந்த தகடு எதையும் தொடவே வேணாம். அதனால வேலை முடியுற வரைக்கும் ஒரு பேரு, முடிஞ்சப்புறம் வேற பேரு இருந்தாத்தான் பாடம் நடத்த முடியும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான், பேர் எந்த நூற்றாண்டா இருந்தாலும் சரி.

கணினித் தமிழ்க்காரர்:

டிஸ்க்குக்கு வட்டுன்னு ஒரு நல்ல சொல் இருக்கே. வட்டெறிதல்னு விளையாட்டுல சொல்றோம், குறுவட்டு, நெகிழ்வட்டுன்னு கணினியில புழங்கியாச்சு. உறுப்புக்கு வட்டு, பாத்திரத்துக்குச் சட்டின்னு பிரிச்சா முடிஞ்சுது. வட்டுச்சட்டி.

ஆனா இதுல ஒரு பழைய வழக்கு இருக்கு, சொல்லிடுறேன். வன்தட்டா வன்வட்டான்னு நாங்க மென்பொருள் தமிழாக்கத்துல மாசக்கணக்கா அடிச்சுக்கிட்டோம், கடைசியில ரெண்டும் நின்னுடுச்சு. குறள் 401-ல "அரங்கின்றி வட்டாடி யற்றே"ன்னு வர்ற வட்டு ஆட்டக் காய், அதையும் எடுத்து வச்சு ஒருத்தர் வாதாடினார். வட்டுன்னா தட்டையா இருக்கணும், குழிவா இருந்தா தட்டு, ஏன்னா சாப்பாட்டுத் தட்டுக்கு விளிம்பு இருக்குன்னு இன்னொருத்தர். அந்தக் கணக்குப்படி பார்த்தா கலப்பை டிஸ்க் தட்டுதான் ஆகும். எனக்கு இன்னும் வட்டுதான் சரின்னு படுது.

ஈழத்து அக்கா:

எங்கட பேச்சில இதுக்குத் தாச்சி எண்டுதான் சொல்லுறது. குழிவான, கைப்பிடி வச்ச இரும்புப் பாத்திரம் எல்லாம் தாச்சிதான். போர்த்துக்கீசியச் சொல்லு, அவையள் டாச்சோ எண்டு சொல்லுறது எங்களிட்டத் தாச்சியாப் போச்சு. வட்டுத்தாச்சி எண்டு போட்டால் உழுத சட்டியோட குழப்பமே வராது, ஏனெண்டால் கலப்பையில பூட்டியிருக்கிறதை ஒருத்தரும் தாச்சி எண்டு சொல்லமாட்டினம்.

பிறமொழிச் சொல்லு எண்டு ஐயா சொல்லுவார் எண்டு தெரியும். எண்டாலும் நானூறு வருசமாச் சமைச்சுச் சாப்பிட்ட சொல்லு அது.

இலக்கண ஐயா:

அம்மா, பிறமொழிச் சொல்லே கூடாதுன்னு நான் சொல்லலை. "வடசொற் கிளவி வடஎழுத்து ஒரீஇ"ன்னு தொல்காப்பியமே வழி விட்டிருக்கு. சொந்தச் சொல் இல்லாத இடத்துல கடன் வாங்குவோம், இருக்கிற இடத்துல எதுக்குன்னுதான் என் கேள்வி.

அது கிடக்கட்டும், கலப்பைங்கிற சொல்லைப் பத்தி ஒண்ணு சொல்லணும், இதை யாரும் தொடலை. ஔவையார் அதியமான் வாசல்ல கோபமாப் பாடின புறம் 206-ல "காவினெம் கலனே; சுருக்கினெம் கலப்பை"ன்னு வருது. அங்கே கலப்பைன்னா ஏர் இல்லை. கலம் வைக்கிற பை, யாழ் மாதிரிக் கருவிகளைக் கட்டி எடுத்துட்டுப் போற பை. கலம்னா இசைக்கருவி, கலம்னா பாத்திரம், கலம்னா மரக்கலம். ஏருக்கு இந்தப் பேர் எப்படி வந்துதுன்னு யோசிச்சுக்கிட்டே இருக்கேன். மண்ணைக் கலக்குறதால கலப்பைன்னு சிலர் சொல்றாங்க, எனக்கு அது நிறைவாப் படலை. உழவுக்கு வேண்டிய கருவிகள் எல்லாம் சேர்ந்த தொகுதி கலப்பை, அதாவது உழவனோட கலப் பைன்னு ஏன் இருக்கக் கூடாது? அப்படின்னா கலம் ஏற்கெனவே கலப்பைக்குள்ள இருக்கு. அதை வெளியில எடுத்தாலே பாத்திரம்தான். அந்தப் பாட்டு "எத்திசைச் செலினும் அத்திசைச் சோறே"ன்னு முடியுது, வெட்டவெளியில எங்கே வேணா தீ மூட்டிச் சமைக்கிற ஒரு பாத்திரத்துக்கு இதை விடப் பொருத்தமான வேர் கிடைக்குமா? அதனால கலப்பைக்கலம்னு ரெண்டாவது பரிந்துரை வைக்கிறேன்.

மொழிபெயர்க்கிறவர்:

ஐயா, ஔவையார் பாட்டை நேத்து ராத்திரி எடுத்து மறுபடி படிச்சேன், அதுக்கு நன்றி. ஆனா கலப்பைக்கலம்னு கேட்டா எனக்கே கப்பல் மாதிரி இருக்கு.

சரி, இப்போ உறுப்புக்கு வட்டுங்கிறதுல பெரிய எதிர்ப்பு இல்லைன்னு எடுத்துக்கலாமா?

பட்டறை ஆசிரியர்:

இருக்கு. உழவர்கிட்ட போய் வட்டு கொடுங்கன்னு கேட்டா ஒண்ணும் கிடைக்காது, சட்டி கொடுங்கன்னு கேட்டாத்தான் கழட்டித் தருவார். பழைய இரும்பு எடுக்கிற இடத்துலயும் அதேதான். உறுப்போட பேர் மக்கள் கையில இருக்கு, அதை மாத்த நமக்கு உரிமை இல்லை. மாத்துறதா இருந்தா நாம புதுசாச் செய்யுற பாத்திரத்தோட பேரைத்தான் மாத்தணும்.

வகுப்புல எப்படி நடந்துச்சுன்னு சொல்றேன். தேய்ஞ்ச சட்டி ஒண்ணு, பெயின்ட் ஒண்ணும் மிச்சமில்லை, 60 செ.மீ.க்குக் கொஞ்சம் மேல, கையில தூக்கினாலே தோள் இறங்கும். கம்பி பிரஷ் போட்டு, கிரைண்டர் போட்டு உள்பக்கம் வெள்ளி மாதிரி ஆக்கினாங்க. நடு ஓட்டைக்குச் சாதா இரும்புல வட்டமா ஒரு துண்டு வெட்டி, ஓரத்தைச் சாய்ச்சுச் சீவி, அடிப்பக்கத்துலேர்ந்து வெல்ட். முதல் தடவை ஒரு பையன் சூடு பண்ணாம நேரா அடிச்சான். ஆறுறப்போ டிக்குன்னு ஒரு சத்தம், அவ்வளவுதான், வெல்டை ஒட்டி மயிரிழை மாதிரி ஒரு வெடிப்பு. டிஸ்க் ஸ்டீல்ல கார்பன் ஜாஸ்தி, சிலதுல போரான் சேர்த்திருப்பாங்க, தேயாம இருக்கணும்னு கடினப்படுத்தின இரும்பு, அதனால சீக்கிரம் ஆறினா வெல்டை ஒட்டின இடம் கண்ணாடி மாதிரி நொறுங்கும். அப்புறம் முழுசாத் துண்டை எடுத்துட்டு, சுத்திலும் நல்லாச் சூடேத்தி, காய வச்ச லோ ஹைட்ரஜன் வெல்டிங் ராடு, 7018-ங்கிற வகை, அதுல அடிச்சு, காஞ்ச மணலுக்குள்ள புதைச்சு மெதுவா ஆற விட்டோம். நின்னுச்சு. தண்ணி ஊத்திப் பார்த்தோம், ஒரு சொட்டு கசியலை.

அந்தத் தண்ணி ஊத்தின நிமிஷத்துல ஒரு பையன் "சார், இது வாணலி ஆயிடுச்சு"ன்னான். நான் ஒண்ணும் சொல்லிக் கொடுக்கலை, அவனாச் சொன்னது. அது வரைக்கும் எல்லாரும் சட்டி சட்டின்னுதான் சொல்லிட்டு இருந்தாங்க.

கணினித் தமிழ்க்காரர்:

கலப்பை வாணலி! அப்படிப் போட்டா வேற ஒண்ணுமே வேணாமே. கலப்பையில இருக்கிறது சட்டி, ஓட்டை அடைச்சுக் கசிவு பார்த்தப்புறம் வாணலி. என் வட்டை நான் வாபஸ் வாங்கிக்கிறேன், மனசு கேக்கலைன்னாலும்.

இலக்கண ஐயா:

வாணலி கன்னடத்துல பாணலே, தெலுங்குல பாணலி. யார்கிட்டேர்ந்து யார் வாங்கினதுன்னு தீராம அதைக் கலைச்சொல்லுக்குள்ள கொண்டுவர்றது சரியில்லை. பகரம் முதல்லயா வகரம் முதல்லயான்னு பார்க்கணும்.

ஈழத்து அக்கா:

ஐயா, அதைப் பாத்து முடிக்க வெள்ளிக்கிழமை போயிடும். எனக்கு வாணலி வீட்டுச் சொல்லு இல்லை, ஆனா வாசிச்சால் விளங்கும். தாச்சி எண்டு போட்டால் கன பேருக்கு விளங்காது. அதனால நான் விட்டுக்குடுக்கிறன், சொல்லடைவில தாச்சியும் நிக்கவேணும்.

பழக்குறது பத்தி ஒருத்தரும் பேசேல்லையே.

மொழிபெயர்க்கிறவர்:

ஆமா அக்கா, அதுதான் எனக்கு ராத்திரி தூக்கம் கெடுக்குது. மெல்லிசா எண்ணெய் தடவி, புகை வர்ற வரைக்கும் சூடு பண்ணி, ஆற விட்டு, மறுபடி தடவி, இப்படிப் பல தடவை செஞ்சா எண்ணெய் இறுகி இரும்போட ஒட்டின கருப்புப் படலமா ஆயிடும், துருவும் பிடிக்காது, சமைக்கிறதும் ஒட்டாது. சரிபார்த்தவர் இதுக்குப் பதப்படுத்துதல்னு திருத்தியிருக்கார். தோலைப் பதப்படுத்துறோம், மீனைப் பதப்படுத்துறோம். இரும்புச்சட்டியைப் பழக்குறோம்னுதானே வீட்டுல சொல்றோம்?

பட்டறை ஆசிரியர்:

பழக்குறதுதான். மாட்டைப் பழக்குற மாதிரி, ஒரு நாள்ல முடியாது, திரும்பத் திரும்பச் செய்யணும்ங்கிறது அந்தச் சொல்லுலயே இருக்கு. பதப்படுத்துதல்னு போட்டா ஒரு தடவை தடவிட்டு முடிஞ்சுதும்பாங்க.

இலக்கண ஐயா:

இதுல எனக்கு மறுப்பே இல்லை. பழகு தன்வினை, பழக்கு பிறவினை. நல்ல தமிழ். பதப்படுத்துதலை எடுத்துடுங்க.

மொழிபெயர்க்கிறவர்:

அப்போ முடிவு: உறுப்பு சட்டி, பாத்திரம் கலப்பை வாணலி, செயல் பழக்குதல். வாக்கியம் இப்போ இப்படி: "சட்டியைக் கழற்றி, வண்ணத்தை முழுவதும் நீக்கி, துளையை அடைத்து, கசிவு பார்த்து, வாணலியைப் பழக்கவும்." கலப்பைக்கும் வாணலிக்கும் நடுவுல இடம் விடுறேன், சேர்த்து எழுதினா நீளமா இருக்கு. சொல்லடைவுல தாச்சி இருக்கும்.

இலக்கண ஐயா:

பெரும்பான்மை அப்படின்னா நான் தடுக்கலை. என் மறுப்பு மட்டும் பதிவில இருக்கட்டும்: வாணலிங்கிறது எந்த இரும்புச்சட்டிக்கும் பொருந்துற பொதுச்சொல், கலப்பைங்கிற அடையை எடுத்துட்டா இந்தப் பாத்திரத்துக்குன்னு பேரே இல்லை. நாளைக்கு ஹாரோ தட்டுல, அதாவது உழுத மண்கட்டியை உடைக்கிற பலுகோட தட்டுல, செய்தா என்ன சொல்வீங்க? அதுல நடு ஓட்டை பெரும்பாலும் சதுரம், அடைக்கிற முறையே வேற மாதிரி வரும். குழிசின்னு ஒரு பொதுப்பெயர் வச்சிருந்தா கொழுக்குழிசி, பலுகுக்குழிசின்னு ஒரே வரிசையில நின்னிருக்கும். இரண்டாம் பதிப்பு வர்றப்போ இதை மறுபடி எடுப்பேன்.

பட்டறை ஆசிரியர்:

ஐயா, ஹாரோ தட்டு அடுத்த வாரம் வகுப்புக்கு வருது. சதுர ஓட்டைக்கு வெட்டுற துண்டுல நாலு மூலையையும் கொஞ்சம் உருட்டிவிடணும், கூரா விட்டா வெடிப்பு அங்கேர்ந்துதான் கிளம்பும். பசங்க என்ன பேர் சொல்றாங்கன்னு கேட்டு எழுதுறேன்.