ஆற்றுப்பங்காளி: ‘ரைபேரியன்’ என்ற சொல்லுக்கு ஒரு முன்மொழிவு

அன்பர்களுக்கு வணக்கம்.

பத்தாம் வகுப்புச் சமூக அறிவியலுக்கான சொற்பட்டியலில் ஓர் ஆறோ அதன் துணையாறோ தன் நிலத்தில் பாய்வதால் அந்த நீரில் இடம் பெறும் மாநிலத்தைக் குறிக்கும் ‘ரைபேரியன் ஸ்டேட்’ என்ற தொடருக்கு நேராகக் ‘கரையோர மாநிலம்’ என்று வைத்திருக்கிறோம். அதை எடுத்துவிட வேண்டும் என்பதும், அந்த இடத்தில் எதை வைக்கலாம் என்பதுமே இந்த நீண்ட மடலின் பொருள். இந்தச் சொல் புவியியலில் வருகிறது, குடிமையியலில் வருகிறது, வரலாற்றிலும் வருகிறது. மூன்று பாடங்களிலும் ஒரே மாணவர்தான் அதைப் படிக்கப்போகிறார் என்பதால், மூன்று ஆசிரியர்களும் மூன்று சொற்களைத் தந்துவிடக் கூடாது என்ற கவலை எனக்கு உண்டு.

முதலில், நான் கண்ட ஒரு விடைத்தாளைச் சொல்லிவிடுகிறேன். ‘கரையோர மாநிலங்களுக்கிடையே எழும் நீர்த் தகராறுகளைத் தீர்க்க 1956இல் இயற்றப்பட்ட சட்டம் எது? அத்தகைய மாநிலங்கள் இரண்டை வரைபடத்தில் குறிக்க’ என்று ஒரு பயிற்சித்தாளில் கேட்டிருந்தோம். மாணவி ஒருவர் சட்டத்தின் பெயரைச் சரியாக எழுதிவிட்டு, வரைபடத்தில் குஜராத்தையும் ஒடிசாவையும் நீல வண்ணப் பென்சிலால் அழகாக நிழலிட்டிருந்தார். பக்கத்தில், கடலில் மீன்பிடி எல்லை தொடர்பாக இம்மாநிலங்களுக்குள் தகராறு வரக்கூடும் என்று ஒரு வரி விளக்கமும் இருந்தது. மதிப்பெண் குறைக்க எனக்கு மனம் வரவில்லை. ‘கரையோரம்’ என்ற சொல்லை வானிலை அறிக்கையிலும் செய்தித்தாளிலும் கடலோடு சேர்த்தே கேட்டு வளர்ந்த பிள்ளை வேறு எப்படிப் புரிந்துகொள்ளும்? பிழை எங்களுடைய சொல்லில்தான் இருந்தது.

‘அப்படியானால் ஆற்றங்கரை மாநிலம் என்று வைத்தால் போயிற்று’ என்று முன்பு ஒருவர் எழுதியிருந்தார். கடலோடு வரும் குழப்பம் அதனால் நீங்கும் என்பது உண்மையே. ஆனால் அதைவிடப் பெரிய சிக்கல் அப்படியே நிற்கிறது. ‘ரைபேரியன்’ என்பது இலத்தீனில் கரையைக் குறிக்கும் ‘ரீப்பா’ என்ற சொல்லின் வழி வந்தது. ஆங்கிலேயப் பொதுச்சட்டத்தில் ஆற்றின் கரையை ஒட்டி நிலம் வைத்திருந்தவருக்கு அந்த நீரைப் பயன்படுத்தும் உரிமை இருந்தது. தனி மனிதரின் நிலத்தைப் பற்றிய அந்தக் கருத்து பிற்காலத்தில் நாடுகளுக்கும் மாநிலங்களுக்கும் நீட்டிக்கப்பட்டபோது, கரை என்ற அடையாளம் பொருத்தமற்றுப் போய்விட்டது.

காவிரியையே எடுத்துக்கொள்வோம். கேரளத்தின் மண்ணில் காவிரியின் தாய் ஆறு ஓரடிகூடப் பாயவில்லை. ஆயினும் நடுவர் மன்றம் 2007இல் தந்த இறுதித் தீர்ப்பில் கேரளத்துக்கு 30 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி) ஒதுக்கியது. வயநாட்டில் பிறக்கும் கபினி கர்நாடகத்துக்குள் சென்று காவிரியில் கலக்கிறது. பாம்பாறு கிழக்கே இறங்கி அமராவதிக்கு நீர் தருகிறது. பவானி அட்டப்பாடி வழியாகப் பாய்கிறது. இந்த மூன்று ஆறுகளின் வழியேதான் கேரளத்துக்குக் காவிரியில் இடம் கிடைக்கிறது. மறுமுனையில் காரைக்காலுக்கு வந்து சேர்வது அரசலாறு போன்ற கிளையாறுகளே. ஆனாலும் புதுச்சேரிக்கு 7 டி.எம்.சி. உண்டு. காவிரியின் வடிநிலம், அதாவது மழைநீர் வடிந்து அந்த ஆற்றில் சேரும் நிலப்பரப்பு, 81,155 சதுர கிலோமீட்டர். அதில் கேரளத்தின் பகுதி 2,866, புதுச்சேரியின் பகுதி வெறும் 160. இந்தக் கணக்கில் வடிநிலத்துக்குள் நிலம் இருக்கிறதா என்றுதான் பார்க்கிறார்கள். கரையின் நீளத்தை யாரும் அளக்கவில்லை. பன்னாட்டுச் சட்டத்திலும் இதே நகர்வு நடந்தது. பன்னாட்டுச் சட்டச் சங்கம் 1966இல் வகுத்த ஹெல்சிங்கி விதிகள் வடிநில நாடு என்றும், ஐக்கிய நாடுகள் 1997இல் ஏற்ற உடன்படிக்கை நீர்வழி நாடு என்றும் பெயரிட்டன. ஆங்கிலத்தில் பழைய சொல் பழக்கத்தினால் ஒட்டிக்கொண்டிருக்கிறது. புதிதாகச் சொல் ஆக்கும் நாமும் போய் அந்தக் கரையில் ஒதுங்க வேண்டிய தேவை இல்லை.

அடுத்து வந்த பரிந்துரை ‘ஆற்றுரிமை மாநிலம்’. கேட்பதற்கு இது கம்பீரமாக இருக்கிறது. எனக்கு இதில் உள்ள தயக்கம், தமிழில் ‘உரிமை’ என்ற ஒரே சொல் பயன்படுத்தும் உரிமையையும் குறிக்கும், உடைமையையும் குறிக்கும் என்பதுதான். நிலம் யாருக்கு உரிமையானது என்று கேட்டால் அது சொந்தம் பற்றிய கேள்வி. ரியோ கிராண்டே ஆற்றின் நீரைக் குறித்து மெக்சிகோ முறையிட்டபோது, தன் எல்லைக்குள் ஓடும் நீரை ஒரு நாடு விருப்பம்போல் பயன்படுத்தலாம் என்று 1895இல் அமெரிக்காவின் தலைமை வழக்குரைஞர் ஜட்சன் ஹார்மன் கருத்துரைத்தார். அதே அமெரிக்கா 1906இல் மெக்சிகோவுக்கு ஆண்டுதோறும் நீர் தர ஒப்பந்தம் செய்துகொண்டது என்பது அந்தக் கருத்து எவ்வளவு தூரம் நடந்தது என்பதைக் காட்டும். காவிரி வழக்கில் 2018இல் உச்ச நீதிமன்றமும் மாநிலங்களுக்கிடையே பாயும் ஆறு நாட்டின் சொத்து, எந்த மாநிலமும் அதைத் தனக்கே சொந்தம் என்று கோர முடியாது என்று தெளிவாகக் கூறியது. பாடம் அதைக் கற்பிக்கும்போது பாடத்தின் தலைச்சொல் உடைமையை நினைவூட்டினால், ஆசிரியர் தன் சொல்லோடு தானே மல்லுக்கு நிற்க வேண்டியிருக்கும்.

ஆகவே நான் முதலில் ‘பங்கு’ என்ற சொல்லின் பக்கம் சாய்ந்தேன். பங்கு என்றால் மற்றவரும் இருக்கிறார் என்பது சொல்லிலேயே அடங்கிவிடுகிறது. ‘பங்காற்று மாநிலம்’ என்று ஆக்கிப் பார்த்தேன். பங்காற்றும் மாநிலம் என்றுதான் எவரும் வாசிப்பார்கள். ‘ஆற்றுப்பங்கு மாநிலம்’ என்று மாற்றி வைத்தேன். ஏறத்தாழ ஒரு மாதம் அதிலேயே நிறைவோடு இருந்தேன். அதன் ஓட்டை கிருஷ்ணா நீரைப் பற்றிய பாடத்தை எழுதும்போதுதான் தெரிந்தது. சென்னையின் குடிநீருக்காக மகாராட்டிரம், கர்நாடகம், ஆந்திரம் ஆகிய மூன்றும் தலா 5 டி.எம்.சி. விட்டுக்கொடுக்க 1976இல் இசைந்தன. தமிழ்நாட்டில் பெய்யும் மழை ஒரு சொட்டும் கிருஷ்ணையில் சேர்வதில்லை. கிருஷ்ணையைப் பொறுத்தவரை தமிழ்நாடு ‘ரைபேரியன்’ அன்று. ஆயினும் கிருஷ்ணா நீரில் அதற்கு ஒரு பங்கு வந்து சேர்கிறது. இராவி, பியாசு ஆறுகளின் நீரைப் பெறும் இராசத்தானின் நிலையும் இதுவே. இராசத்தான் அந்த ஆறுகளின் வடிநிலத்தில் இல்லை என்பதுதான் பஞ்சாபின் நெடுநாள் வாதம். ஆகப் பங்கு பெறுவது வேறு, ‘ரைபேரியன்’ ஆக இருப்பது வேறு. என் சொல் இந்த இரண்டையும் ஒன்றாக்கிவிட்டது.

பிறப்பினால் வரும் பங்கையும் இசைவினால் வரும் பங்கையும் பிரித்துக் காட்டும் சொல் ஏதேனும் தமிழில் உண்டா என்று தேடப்போனால், அது வீட்டுக்குள்ளேயே இருக்கிறது: பங்காளி. மாமன் வீட்டிலிருந்து எவ்வளவு சீர் வந்தாலும் மாமன் பங்காளி ஆகமாட்டார். அண்ணன் தம்பி வழியில் பிறந்தவர் ஒரு குழி நிலம்கூடக் கைக்கு வராமல் இருந்தாலும் பங்காளிதான். காவிரியில் கேரளம் பங்காளி. கிருஷ்ணையில் தமிழ்நாடு பங்காளி அன்று, இசைவினால் நீர் பெறுவது. மாணவருக்கு இதை விளக்க ஒரு நிமிடம்கூடத் தேவைப்படாது. ஆதலால் ‘ரைபேரியன்’ என்பதற்கு ‘ஆற்றுப்பங்காளி’ என்ற சொல்லை முன்வைக்கிறேன். மாநிலம், நாடு, இலங்கைத் தமிழர் எழுதும் மாகாணம் ஆகிய எதனோடும் அது சேரும். சேர்க்காமல் தனியே நின்றாலும் பொருள் தரும். புதுச்சேரி மாநிலம் அன்று, ஒன்றியப் பகுதி என்று ஒவ்வொரு முறையும் அடிக்குறிப்பு இட வேண்டிய தொல்லை இதனால் இல்லாமற் போகிறது.

இதற்கு ஒரு தடை வரும் என்பதை அறிவேன். ‘பங்காளி’ என்றாலே சண்டை நினைவுக்கு வருகிறதே, ‘பங்காளிக் காய்ச்சல்’ என்ற வழக்கே இருக்கிறதே, பாடநூலில் அண்டை மாநிலங்களைப் பற்றி எழுதும்போது இந்தச் சாயல் தகுமா என்று கேட்பீர்கள். நான் இதை நெடுநேரம் யோசித்தேன். ஆங்கிலத்தில் போட்டியாளரைக் குறிக்கும் ‘ரைவல்’ என்ற சொல்லின் மூலமும் ஓடையைக் குறிக்கும் இலத்தீன் சொல்தான்; ஒரே ஓடையில் நீர் எடுப்பவர் என்பதே அதன் பழம்பொருள். ஒரு நீரைப் பகிர்வோருக்கிடையே உரசல் உண்டு என்பதை இரண்டு மொழிகளும் தனித்தனியே கண்டிருக்கின்றன. மாநிலங்களுக்கிடையே எழும் ஆற்றுநீர்த் தகராறுகளைப் பற்றிய அரசமைப்பின் 262ஆம் பிரிவு எழுதப்பட்டதும் அந்த உரசலை முன்னறிந்துதானே? தவிர, தென் மாவட்டங்களில் நெருங்கிய நண்பரைப் ‘பங்காளி’ என்று கூப்பிடுவதும் உண்டு. உறவும் மனத்தாங்கலும் சேர்ந்தே ஒலிக்கும் சொல்லாக இருப்பதை நான் இதன் தகுதியாகவே கருதுகிறேன். ‘பங்காளர்’ என்று மென்மையாக்கிவிடலாம் என்ற யோசனையை ஏற்க இயலவில்லை. அது வணிகக் கூட்டாளியைக் குறிக்கப் புழங்கிவிட்டது, அந்தக் கூட்டு விரும்பிச் சேர்வது, விரும்பினால் விலகுவது. ஆற்றில் அப்படி விலக முடியாது.

உவமை முழுவதும் பொருந்துகிறது என்று சொல்லமாட்டேன். பாகப்பிரிவினை ஒருமுறை நடந்தால் முடிந்தது. ஆறோ ஆண்டுதோறும் மழைக்குத் தக்கபடி புதிதாய்ப் பிரிக்கப்பட வேண்டியது. பற்றாக்குறை ஆண்டில் எல்லோருடைய அளவும் அதே விகிதத்தில் குறைய வேண்டும். இதை ஆசிரியர் வகுப்பில் சொல்லியே ஆக வேண்டும்.

இனி, மேல், கீழ் என்ற அடைகளைப் பற்றி. ஆறு முதலில் பாயும் இடத்தைக் குறிக்கும் ‘அப்பர் ரைபேரியன்’ என்பதை ‘மேல்’ என்றும் பிறகு பாயும் இடத்தைக் குறிக்கும் ‘லோயர் ரைபேரியன்’ என்பதைக் ‘கீழ்’ என்றும் எழுதுவது இயல்பாகத் தோன்றும். ஆனால் மேற்கில் உயர்ந்து கிழக்கே சரியும் நிலத்தில் வாழ்ந்த நம்மவர் மொழியில் மேல் என்பது மேற்கும் ஆகும், கீழ் என்பது கிழக்கும் ஆகும். மேலத்தெருவும் கீழத்தெருவும் இன்றும் அப்படித்தான். காவிரிக்கு இது பொருந்திவிடும். நருமதைக்குக் கொண்டுபோனால் கிழக்கே இருக்கும் மத்தியப் பிரதேசம் ‘மேல்’ ஆகவும் மேற்கே இருக்கும் குஜராத் ‘கீழ்’ ஆகவும் வரும். போதாக்குறைக்குச் சுவரில் தொங்கும் வரைபடம் வேறு. அதில் மேலே இருப்பது வடக்கு. தெற்கிலிருந்து வடக்கே பாயும் நைலைக் காட்டி, படத்தில் மேலே இருக்கும் எகிப்து ‘கீழ்’, கீழே இருக்கும் எத்தியோப்பியா ‘மேல்’ என்று சொல்லும்போது வகுப்பில் விழிக்கும் விழிகளைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

செய்தித்தாள்கள் ‘கடைமடை மாநிலம்’ என்று எழுதிவருகின்றன. மடை என்பது வாய்க்காலில் நீர் திறக்கும் வழி. மாநிலத்தை மடை என்பது சற்று நெருடுகிறது. ஆனால் அந்தத் தொடரில் உள்ள ‘கடை’ பொன்னானது. தலைமடை, கடைமடை என்று உழவர்கள் பேசும்போது திசையும் வருவதில்லை, வரைபடமும் வருவதில்லை. நீர் யாரிடம் முதலில் வருகிறது, யாரிடம் கடைசியில் வருகிறது என்பது மட்டுமே வருகிறது. காவிரி பிறக்கும் இடத்துக்கே தலைக்காவிரி என்றுதானே பெயர்? எனவே தலைப்பங்காளி, இடைப்பங்காளி, கடைப்பங்காளி என்று வைக்கலாம். ஆங்கிலத்தில் இரண்டாகவே பேசப்படுவதற்குத் தமிழில் தலை, இடை, கடை என்ற மூன்று படிகள் ஆயத்தமாக இருப்பது நமக்கு ஆதாயம். கபினி வழியே காவிரிக்கு வரும் நீரில் கேரளம் தலைப்பங்காளி, கர்நாடகம் இடைப்பங்காளி, தமிழ்நாடு கடைப்பங்காளி. பவானியைக் கேட்டால் இன்னும் சுவையாக இருக்கும்: நீலகிரியில் பிறந்து, கேரளத்துக்குள் போய், திரும்பித் தமிழ்நாட்டுக்கே வருவதால், ஒரே மாநிலம் அங்கே தலைப்பங்காளியாகவும் கடைப்பங்காளியாகவும் இருக்கிறது. இந்த நிலை மாநிலத்தின் இயல்பு அன்று, ஒவ்வோர் ஆற்றையும் பொறுத்தது என்பதை மாணவர் உணர இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை.

மூன்று பாடங்களிலும் சொல் நிற்கிறதா என்று எழுதிப் பார்த்தேன். வரலாற்றில்: ‘தலைப்பங்காளியான மைசூர், கடைப்பங்காளியான சென்னை மாகாணத்தின் இசைவின்றிப் புதிய பாசனப் பணிகளை மேற்கொள்வதை 1892ஆம் ஆண்டு ஒப்பந்தம் கட்டுப்படுத்தியது, 1924ஆம் ஆண்டு ஒப்பந்தத்தையொட்டிக் கிருஷ்ணராச சாகரும் மேட்டூர் அணையும் எழுந்தன.’ குடிமையியலில்: ‘ஆற்றுப்பங்காளி மாநிலங்கள் பேசித் தீர்க்க இயலாதபோது ஒன்றிய அரசு நடுவர் மன்றத்தை அமைக்கும்.’ பன்னாட்டு உறவில்: ‘1997இல் நீர்வழி உடன்படிக்கையை எதிர்த்து வாக்களித்த சீனா, துருக்கி, புருண்டி ஆகிய மூன்றும் பெரிய ஆறுகளின் தலைப்பங்காளிகள்.’ கடைசி வரியை எழுதியபோது, ஏன் எதிர்த்தார்கள் என்பதற்குச் சொல்லே பாதி விடை தந்துவிடுவதைக் கண்டேன்.

புவியியலில் மட்டும் ஒன்று மீதமிருக்கிறது. ‘ரைபேரியன் சோன்’ என்பது நாணலும் நீர்மருதும் வளரும் ஆற்றை ஒட்டிய நிலப்பட்டை. அங்கே பங்குக்கு வேலையில்லை. கொள்ளிடக் கரை ஊர்களில் ஆற்றுக்கும் வெள்ளத்தடுப்புக் கரைக்கும் இடைப்பட்ட அந்த நிலத்துக்குப் படுகை என்று பெயர்; நாதல்படுகை என்ற ஊர்ப்பெயரிலேயே அது இருக்கிறது. ஆனால் நாம் ஏற்கெனவே ‘காவிரிப் படுகை’ என்று முழு வடிநிலத்துக்கும் அந்தச் சொல்லைக் கொடுத்துவிட்டோம். வடிநிலம் என்ற தெளிவான சொல் இருக்கும்போது படுகையை அதன் பழைய இடத்துக்கே திருப்பிவிடலாம் என்பது என் விருப்பம். அச்சான நூல்கள் பலவற்றைத் திருத்த வேண்டியிருக்கும் என்பதால், புவியியல் பகுதியைத் தொகுப்பவர்கள் இதில் முடிவு சொல்லும்வரை ‘ஆற்றோர நிலம்’ என்றே பட்டியலில் குறித்து வைக்கிறேன்.